பவுனம்மாளின் நாக்கு

எங்கள் பவுனம்மாளின் நாக்குக்கு எண்ணூரே பயப்படும். சண்டை என்று வந்தால் அப்படி. அதே நாக்கு ஒரு நாள் எங்கள் பிழைப்பையும் காப்பாற்றும் என்று, அவள் கூடவே களை பிடுங்கிய நான்கூட நினைக்கவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. துரை பங்களாக் குளத்திலிருந்து ஓர் ஓடை கிளம்பித் தோட்டம் வழியே கால்வாயில் போய் விழும். அந்த ஈரக்கரை நெடுக அகன்ற இலைச் செடிகளாக வேண்டும் என்று துரைசானிக்கு ஆசை. பெரிய தோட்டக்காரர் சுப்புராயன் சேம்பு நட்டார். முறம் முறமாக இலை விட்டது. அமாவாசை தாண்டியதும் கால்வாய்ப் பக்கக் கீழ்க்கரையில் ஓரம் கருகிச் செத்தது. மறுபடி நட்டார், மறுபடி செத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "களை எடுக்கிற பொம்பளைங்க கை பட்டுத்தான் கருகுது, அவளுங்கள நிறுத்திடுங்க" என்று துரைசானியிடம் வத்தி வைத்துவிட்டார்.

பவுனம்மாளுக்கு உயிரே போய்விட்டது. உப்பளத்தில் பத்து வருஷம் நின்று, பாதம் வெடித்து இங்கே வந்தவள். இந்த வேலையும் போனால் திரும்ப அந்த உப்புத் தண்ணீரில்தான் போய் நிற்கவேண்டும்.

துரைசானியும் சுப்புராயனும் பார்க்க, நேராகக் கீழ்க்கரைக்குப் போனாள். ஒரு சிட்டிகை சேற்றை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். உப்பளத்தில் பாத்தியின் பதம் பார்ப்பது அப்படித்தான்.

"உப்பு கரிக்குது நைனா. அமாவாசைக்குக் கடல் ஓதம் ஏறி, கால்வாய்த் தண்ணி உள்ள வந்துகினு கீது. சேம்பு பாவம், அது இன்னா பண்ணும்?"

"சேத்தத் துன்னுட்டு வைத்தியம் சொல்றா பாரு!" என்று சுப்புராயன் சிரித்தார்.

துரைசானி சிரிக்கவில்லை. அடுத்த அமாவாசை வரை கரை பவுனம்மாள் பொறுப்பு, அப்போதும் கருகினால் நாங்கள் எல்லோரும் வெளியே என்று கெடு வைத்துவிட்டார்.

பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து, சேற்றை ருசித்துக்கொண்டே நடந்தாள். கரிக்காத மேல்கரைக்குச் சேம்பு. லேசாகக் கரித்த நடுக்கரைக்குக் கல்வாழை. வாயில் வைக்க முடியாத கீழ்க்கரைக்கு, உப்பங்கழியோரத்திலிருந்து விஷமூங்கிலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். பேர்தான் மூங்கில், கிழங்குச் செடி; அகலமான இலை, கை நீளம் இருக்கும்.

"இதுக்கு உப்புத் தண்ணி தாய் வூடு மாதிரிடி ராஜாத்தி" என்றாள். சொன்னாளே தவிர, அமாவாசை வரை அவள் சரியாகச் சோறு தின்னவில்லை.

அமாவாசை வந்தது. ஓதம் ஏறி இறங்கியது. ஒரு வாரம் கழித்தும் ஓர் இலை கருகவில்லை! கீழ்க்கரையில் வெள்ளைப் பூ வேறு. துரைசானி கரையை இரண்டு தரம் நடந்து பார்த்தார். இனி பவுனம்மாள் கூலியாள் இல்லை, ஓடைக்கரைத் தோட்டக்காரி என்றார். நான் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கை எல்லாம் பறந்தது.

அன்று சாயங்காலம் கீழ்க்கரையில் சுப்புராயன் தனியாகக் குந்தியிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு விரலால் சேற்றைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னா நைனா, உப்பு கொஞ்சம் தூக்கலா கீதா?" பின்னாலேயே பவுனம்மாள் நின்றிருந்தாள்.

மனுஷன் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தார். மறுநாள் காலை, குளத்தங்கரைக்கு என்ன நடலாம் என்று அவரே வந்து அவளிடம் கேட்டார்.