சாகவேண்டிய வரிசை

ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கிய பாண்டிச்செல்வி, கடலைக் காட்டைப் பார்த்ததுமே நடையை எட்டிப் போட்டாள். காடு முழுக்கப் பச்சை. கொண்டைக்கடலை பூவும் பிஞ்சுமாக மதமதவென்று நின்றது. வேறு யாராக இருந்தாலும் கண்குளிரப் பார்த்திருப்பார்கள். அவளோ சாகவேண்டிய வரிசையைத் தேடி ஓடினாள்.

பாண்டிச்செல்வி பயிர் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி. வாடல் நோயைத் தாங்கும் கொண்டைக்கடலையை உருவாக்குவது அவள் வேலை. வேலை என்பதைவிட, அவளுடைய நல்ல வயதை மொத்தமாக விழுங்கிவிட்ட பாடு என்று சொல்லலாம். நாற்றின் இலையில் நகக்கண் அளவு கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், நோயைத் தாங்கும் மரபணு அதில் இருக்கிறதா இல்லையா என்று மார்க்கர் என்கிற மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். இல்லாததைப் பிடுங்கி எறியலாம். இருப்பதை வளர்த்து மறுபடி கலப்புச் செய்யலாம். ஆனால் ஆய்வகம் சொன்னால் போதுமா, மண்ணும் ஒப்புக்கொள்ள வேண்டாமா? அதற்குத்தான் முத்துக்கிருஷ்ணன் என்ற விவசாயியின் இந்தக் கரிசல் காடு. வாடல் கிருமி மண்டிப்போன நிலம். சீக்குக்காடு என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். அவள் இதைக் குத்தகைக்குப் பிடித்து, வருஷா வருஷம் கடலையே போட்டு, கிருமி குறையாமல் பார்த்துக்கொண்டாள். புது ரகத்துக்கு நடுவே, நோய் கண்டதும் மடிந்துவிடும் பழைய ரகத்தில் ஒரு வரிசை விதைப்பாள். பழையது செத்து, பக்கத்திலேயே புதியது நின்றால்தான் நிரூபணம். இது திட்டத்தின் கடைசி வருஷம். வெள்ளிக்கிழமை வல்லுநர் குழு வந்து பார்த்து, ரகத்தை வெளியிடுவதா தூக்கிப்போடுவதா என்று முடிவு செய்யும்.

பழைய ரகம் சாகவில்லை. ஒரு செடியைப் பிடுங்கித் தண்டைக் கத்தியால் பிளந்தாள். நோய் இருந்தால் உள்ளே கறுத்திருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றைப் பிளந்தாள். அதுவும் அப்படியே.

"எப்பிடித் தாயி இருக்கு உங்க பயிரு?" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார் முத்துக்கிருஷ்ணன்.

"அண்ணாச்சி, காட்டுல ஏதாச்சும் போட்டீகளா?"

சிரிப்பு சுருங்கியது. களையெடுத்துக்கொண்டிருந்த இருளம்மாளைப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள் அவள்; கம்பெனி லீவு விட்டால் இங்கே வருவாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி, நாங்கதான சுமந்தோம்?" என்றாள் அவள். "ரெண்டு கோடையா எருவும் வேப்பம்புண்ணாக்கும், அதுல விரிடிப் பொடியும் கலந்து எறைச்சோம் மேடம். புழுக்கைக்கு ஆட்டுக்கெடையும் போட்டாக."

விரிடி, வாடல் கிருமியை அடக்கும் பூஞ்சைப் பொடி. பாண்டிச்செல்வி முத்துக்கிருஷ்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் போடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"சொன்னீகதான். வருசா வருசம் பயிரு செத்துக் கெடக்கும், நீங்க மூஞ்சியத் தொங்கப்போட்டு எண்ணிக்கிட்டுப் போவீக. இந்தப் பிள்ள இம்புட்டுப் பாடுபடுது, நம்ம மண்ணு கெடுக்குதேன்னு மனசு கேக்கல. திட்டம் முடியப்போகுதுன்னீக. செயிக்கட்டுமேன்னுதான் செஞ்சேன்."

பாண்டிச்செல்வி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். முகம் தொங்கியதெல்லாம் அலுப்பில். பயிர் செத்த வருஷங்கள்தான் அவளுக்கு நல்ல வருஷங்கள் என்பதை இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"எல்லாமே நின்னா, என் ரகம் சீக்கைத் தாங்கி நின்னுச்சா, சீக்கு இல்லாததால நின்னுச்சான்னு யாருக்கு அண்ணாச்சி தெரியும்?"

அவருக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கெளமதான வாராக? இந்த வரிசைய மட்டும் வேர அறுத்துவிட்டா அதுக்குள்ள காஞ்சிரும்."

அவளுக்கும் சபலம் தட்டத்தான் செய்தது. மார்க்கர்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டதே, இதில் என்ன பெரிய பொய்? ஆனால் இதை நம்பி எவனோ ஒரு சீக்குக்காட்டுக்காரன் விதைத்து, பூக்கிற நேரத்தில் வாடிப்போனால்? அந்த முகத்தை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"சார், குழு வர வேண்டாம். சோதனை செல்லாது."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதிகாரி பெருமூச்சு விட்டார். "கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருஷம் வாங்கிரலாம்மா. வேற காட்டைத் தயார்பண்ண அவகாசம் கிடையாது. அதே காட்டுல கிருமியைத் திரும்ப ஏத்தணும். அவரு சம்மதிப்பாரா, கேளுங்க. இல்லேன்னா ரகத்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான்."

போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை.

"செத்தப்பல்லாம் அளுகாத பிள்ள, பொளைச்சதுக்கு அளுகுதே," என்றார் முத்துக்கிருஷ்ணன். கேலியில்லை, அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "எம்மேல தப்புதான் தாயி. என்ன செய்யணும் சொல்லுங்க, செய்றேன். இதத் திரும்பச் சீக்குக்காடாக்க மட்டும் கேட்டிராதீக. எங்கப்பா காலத்துக்கப்புறம் இப்பத்தான் இங்கன மொளைச்ச பயிரு ஒண்ணும் சாகாம நிக்குது."

அதைக் கேட்கத்தான் அவள் வாயெடுத்திருந்தாள். அவர் சொல்லிவிட்டுப் பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் கேக்க மாட்டேன் அண்ணாச்சி," என்றாள்.