கிளெமை உள்ளே வைத்திருக்கும் புழுதி

ஐம்பத்து நாலாம் வருஷத்துப் பந்தயத்தில் ஐலா மக்ரேயின் கார் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. ஆட்டுப்பண்ணை வேலிக் கதவை ஒட்டி, செக்கச்செவேலென்று, காற்றாலை உயரத்துக்கு நிற்கிறது. தபால் லாரி அதைச் சுற்றிக்கொண்டு போகும். அதற்குள்தான் அவள் புருஷன் கிளெம் இருக்கிறான்.

ஆஸ்திரேலியாவையே சுற்றி வரும் பந்தயம் அது. அவள் ஓட்டுவாள், வரைபடம் பார்ப்பதும், வழியில் குறுக்கிடும் வேலிக் கதவுகளைத் திறந்து மூடுவதும் கிளெமின் வேலை. கதவைத் திறந்துபோட்டுப் போகிறவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒருவரும் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். பாதி வழியிலேயே இருவருக்கும் தூக்கம் போய், பேச்சும் போய், எரிச்சல்தான் மிச்சம். பின்னால் ஒரு கார் நெருங்கிக்கொண்டிருந்தது.

"விட்டுத் தொலை கிளெம், பின்னாடி வர்றவன் மூடிக்குவான்."

"அவனா மூடுவான்? ஆடு பூரா ரோட்டுக்கு வந்துடும்டி."

இறங்கிப் போனான். கொஞ்ச தூரம் ஓடிவரட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று ஐலா வண்டியை நகர்த்தினாள். புழுதி எழுந்தது, எழுந்தது எழுந்தபடியே நின்றுவிட்டது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போன போலீஸ்காரர்கள் மறுபக்கம் வெறுங்கையோடு வந்தார்கள். கிளெமின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "எஞ்சினை அணைச்சிடாத, கொண்டியை மாட்டிட்டு வந்துடறேன்."

அவள் அணைக்கவில்லை. பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களுக்குச் சமைத்துப்போட்டு, கூலியைப் பெட்ரோலாகவே வாங்கிக்கொண்டாள். எஞ்சின் ஓடும்போதே ஊற்றுவாள். மூன்று பிரதமர்கள் வந்து போனார்கள். வெள்ளம் வந்து பாலத்தைக் கொண்டுபோன வருஷமும் புழுதி நனையவில்லை. தினமும் கூப்பிடுவாள், அதே பதிலை அதே எரிச்சலோடு சொல்வான். பாவம், அவனுக்கு இன்னும் அந்த ஒரு நிமிஷமே முடியவில்லை.

புழுதி தின்று தின்று அவள் தொண்டை கரகரத்துப்போனது. ஒரு மத்தியானம் கூப்பிட்டபோது அவன் மரியாதையாகக் கேட்டான்.

"யாரும்மா நீங்க? வழியில என் பொண்டாட்டியப் பாத்தீங்களா? கார்ல இருந்தா."

ஐலா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தேம்ப்பா. முன்னாடி போயிட்டா."

"விட்டுட்டுப் போயிட்டாளா!" என்றவன், "ஜெயிச்சாளா?" என்று கேட்டான்.

"ஜெயிச்சிட்டா."

உள்ளே அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஐலா போய் எஞ்சினை அணைத்தாள். அதற்குப் பிறகு அவன் அவளை அம்மா என்றே கூப்பிட்டான். அவளும் தினமும் என்னப்பா என்று கேட்பாள்.