ஆறுமுகச்சாமி பேருக்கு வந்த பாவு

சங்கரன்கோவிலில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பாவு அனுப்புகிறவர் ஷேக் ஃபரீத். தறியில் ஏற்றுவதற்கென்று நூல் சுற்றிய உருளைதான் பாவு. அது வந்தால்தான் அந்த வீட்டில் தறி ஓடும். சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் வீட்டுக்கொரு சீட்டு அடித்துத் தரும். வேன் அதைப் பார்த்து இறக்கிவிட்டு வரும். சீட்டில் பேர் இல்லாத வாசலில் வண்டி நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கையால் எழுதிய சீட்டு செல்லாது, அவரே எழுதினாலும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கெட்டுப்போனால் பாகம் வாங்க மதுரையிலும் வழியில்லை. சென்னையிலிருந்து திரும்பி வந்து கடையைப் பொறுப்பெடுத்த மகள் ஹஸ்னா பானு புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாள். நெசவாளியின் போனுக்குச் செய்தி போகும். அவர் ‘சரி’ என்று அழுத்தினால்தான் பாவு கிளம்பும். மாற்றுவதென்றால் மாற்று, ஆனால் ஒரு தறியும் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று ஃபரீத் கண்டித்துச் சொல்லிவிட்டார். அதனால் ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடின.

கடைசிச் சனிக்கிழமை சரிபார்த்தபோது புதியதில் ஒரு பேர் குறைந்தது.

“ஆறுமுகச்சாமின்னு ஒருத்தரு மட்டும் இடிக்காரு வாப்பா. போனை எடுக்கவே மாட்டேங்காரு. ஆளு இருக்காரா இல்லையா?” என்று கேட்டாள் ஹஸ்னா பானு.

மேஸ்திரியும் வேன் டிரைவரும் பக்கத்தில் நின்றார்கள். “அதை நான் பாத்துக்கிடுதேன்” என்றார் ஃபரீத்.

ஆறுமுகச்சாமி இறந்து பதினோரு வருடம். அன்று துக்கம் கேட்கப் போன ஃபரீதிடம் அவன் மனைவி பார்வதியம்மாள், நானே நெய்துகொள்கிறேன், பாவு மட்டும் அவுக பேரிலேயே வரட்டும், இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றாள். நீ கேட்டு வரவே கூடாது, பாவு உன் வாசலுக்கு வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மனைவி மஹ்பூபாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. டிரைவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் நெய்யாத வீடு எது?

மகளைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தார். மூடி வைத்த ஒரு பெண்ணின் மானத்தைத் தன் வாயால் திறப்பது எப்படி என்று தெரியாமல் நாள் தள்ளினார். அடுத்த சனிக்கிழமை பழைய கம்ப்யூட்டரை அணைத்துத் துணி போட்டு மூடினார்கள். எல்லோருக்கும் டீயும் மிக்சரும் வந்தன. அந்தச் சந்தோஷத்தில், பாவு போகாவிட்டால் பார்வதியம்மாளே சொல்லி விடுவாள் என்று இருந்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெரு வழியாக வந்தார். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஒரு வீட்டில் மட்டும் இல்லை.

பார்வதியம்மாள் வெளியே வந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். பின்னால் தறி இருந்த இடத்தில் நான்கு போல்ட் குழிகள். ராயகிரிக்காரர் ஒருவர் போன வாரம் தறியை விலைக்கு வாங்கிக் கழற்றிக்கொண்டு போனாராம். இப்போது தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாளாம்.

“ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம்லா, தாயி” என்றார்.

“கேட்டு வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக, அண்ணாச்சி.”

கோபமாகச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்தும் போட்டாள். அவரால் உட்கார முடியவில்லை.

கடைக்கு வந்தபோது ஹஸ்னா பானு திரையைத் திருப்பிக் காட்டினாள். இருநூற்றுப் பதினொன்றும் ஓடுகிறது, மாற்றினதில் ஒரு தறியும் நிற்கவில்லை என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

“அந்த ஆறுமுகச்சாமி பேரு மட்டும் இன்னும் தொங்குது வாப்பா. என்ன செய்ய?”

“எடுத்திரு. காலமாயிட்டான்.”

“அல்லாவே. இதுல தேதி கேக்கு. எப்ப?”

ஃபரீத் மூடிக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“போன மாசம்” என்றார்.