யோசெப்பின் மாமி கோடு தாண்டிய ஞாயிறு

பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் கனடா நாட்டுப் புட்போலில், முன்வரிசையில் நின்று மோதுகிறவன் மலைபோல இருக்கவேண்டும். கல்லூரியில் எதிரிகளைப் புரட்டியெடுத்த டெரெக்கும் எத்தியெனும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு முன்னால் சுண்டெலிகள். ஆகவே இருவரில் ஒருவனை வரிசைக்குப் பின்னால் நிறுத்திப் பார்க்கலாம் என்று மொன்றியல் அணி ஒன்று நினைத்தது. அங்கே மோதலைவிட, பந்து போகும் திசை பார்த்து மறிப்பதுதான் வேலை. இடமோ ஒன்றே ஒன்று.

யாரை எடுப்பது என்று சொல்லவேண்டியவள் ஜெயமதி. மொன்றியலின் லாசால் பகுதியில் வளர்ந்த மட்டக்களப்புப் பெண். அணியின் ஆட்டக்காரர் தேர்வுப் பிரிவில் அவளுக்கு இது வேலை நிரந்தரமாகாத சோதனைக்காலம். ஆளைப் பிழையாகச் சொன்னால் வேலை போய்விடும். வெள்ளிக்கிழமையே மேலாளர் ரெனேயிடம் "டெரெக்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அவன் ஓட்டம் அப்படி. எத்தியென் பாதி நேரம் சும்மா நிற்கிறவன், சரியான தூங்குமூஞ்சி என்பது அவள் முடிவு.

ஞாயிறு காலை அம்மா கமலாவதி போன் எடுத்தார். "அந்தப் புள்ளைகள் ஹோட்டல்ல என்னத்தத் திண்டு கிடக்குதுகளோ. பார்க்குக்குக் கூட்டிட்டு வா மகள்."

ஆற்றோரப் பூங்காவில் மட்டக்களப்பு ஆட்களின் கோடை ஒன்றுகூடல். கோழிக்கறியை வெளுத்துக்கட்டிய இருவரையும் யாரும் சும்மா விடவில்லை. கிளித்தட்டு விளையாட ஆள் காணாது! புல்லில் குறுக்குக் கோடுகள் போட்டு, கோட்டுக்கொருவராக நிறுத்தினார்கள். தாண்ட வருகிறவரைத் தொட்டால் அவர் அவுட். ஆனால் கால் கோட்டைவிட்டு விலகினால் தொட்டது செல்லாது.

முதலில் தாண்ட வந்தவர் யோசெப்பின் என்கிற மாமி. குழந்தைக் காப்பகமான கார்டெரியில் நாளெல்லாம் குழந்தைகளுக்குப் பின்னால் ஓடுகிறவர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடப்பக்கம் பாய்வதுபோல் ஒரு போக்குக் காட்டினார். முதல் கோட்டில் நின்ற டெரெக் கோட்டைவிட்டே பாய்ந்தான். மாமி வலப்பக்கத்தால் நழுவிப் போய்விட்டார். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை.

"என்ன தம்பி, கோட்ட விட்டுட்டு எங்க போறாய்?" என்று மாமி கேட்க, பூங்காவே சிரித்தது.

அடுத்த கோட்டில் எத்தியென். மாமி ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் அவன் அசையவில்லை. கண் மட்டும் அவர் இடுப்பு திரும்பும் பக்கத்தையே பார்த்தது. மாமி உண்மையாகவே கால் எடுத்த கணத்தில் கையை நீட்டினான். அவுட்!

ஜெயமதியின் சிரிப்பு பாதியில் நின்றது. இவன் தூங்குகிறவன் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறவன். இத்தனை நாளும் ஓடும் கால்களையே பார்த்தோமே, கண்களைப் பார்க்கவில்லையே!

திங்கள் காலை ரெனேயிடம் பெயரை மாற்றிச் சொன்னாள். காரணத்தையும் மறைக்கவில்லை.

"ஒரு பிக்னிக்கை நம்பி ஆள் எடுக்கச் சொல்கிறாயா?" என்றார் அவர்.

"நம்பவேண்டாம். ஒரு பக்கம் எறிவதுபோல் காட்டி மறுபக்கம் எறிந்து பாருங்கள். பிழையென்றால் நானே போய்விடுகிறேன்." ரெனே டெரெக்கையும் எத்தியெனையும் மைதானத்துக்கு அழைத்தார்.

பந்து எறிகிறவன் தோளை ஆட்டியதுமே டெரெக் பறந்தான், தவறான பக்கத்துக்கு. மறுபடியும் அப்படியே. எத்தியென் நின்றான். "நித்திரையா இவனுக்கு?" என்று ரெனே முணுமுணுத்து முடிப்பதற்குள், பந்து எத்தியென் கையில் இருந்தது.

ரெனே ஜெயமதியின் பக்கம் திரும்பினார்: "சரி, எத்தியெனையே எடுப்போம். இனி நீயும் இங்கே நிரந்தரம். உன் முதல் வேலை, டெரெக்கிடம் நீயே போய்ச் சொல்வது."

துள்ளிக் குதிக்கப் போன ஜெயமதி நிதானித்து, உடை மாற்றும் அறைக்கு நடந்தாள். டெரெக் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"அந்த மாமியாலா?"

"அவராலும்தான். என்னாலும்."

அவன் தலையைக் குனிந்தான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று பதறி ஜெயமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். நிமிர்ந்தபோது அவன் கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

"அந்த மாமியைத்தான் நீங்கள் அணிக்கு எடுத்திருக்கவேண்டும்," என்றான்.