பௌர்ணமியன்று திருப்பிய பாடை

என் வீட்டுக்காரர் முருகையன் இறந்தது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, சித்ரா பௌர்ணமியன்று காலையில். அந்த நாளை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வேண்டுமென்றே அன்று இறந்தவர் போலத்தான் ஊர் பேசியது.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. தெரு ஒரு பக்கம், சுடுகாடு கிரிவலச் சாலைக்கு அந்தப் பக்கம். தெரு சாலையைத் தொடும் இடத்தில் ஒரு புங்கமரம் உண்டு. பாடையை அங்கே நிறுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, தலைப்பக்கமும் கால்பக்கமும் மாறும்படி திருப்பி எடுத்துப்போவது எங்கள் வழக்கம். இறந்தவருக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி மறந்துபோக வேண்டும். திருப்பாமல் போனால் வாசலில் வந்து நிற்பார் என்பார்கள்.

எண்பத்தொன்பதில் என் மாமியார் இறந்ததும் ஒரு பௌர்ணமிதான். அன்று சாலையில் இருந்தது சில சாமியார்களும் ஒரு மாட்டுவண்டியும்தான். வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டினார். அவ்வளவுதான்.

அதன் பிறகு பௌர்ணமிதோறும் மலை சுற்ற மெட்ராஸிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வர ஆரம்பித்தது. கடலைக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாங்களும் சாலையோரம் கடை போட்டோம். ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது அதில்தான். பௌர்ணமியன்று ஊரில் கறி சமைப்பது நின்றது. அம்மனுக்குக் கடா வெட்டும் நாளையே தள்ளி வைத்தார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்களும் முதலில் பௌர்ணமி எப்போது என்று கேட்டார்கள். சாவை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

மத்தியானம் என் கொழுந்தன் சகாதேவன் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன்."

"நாளைக்குப் போறேன்னு உங்க அண்ணன் உன்கிட்ட சொன்னாரா?"

"செத்தவருக்கு அவசரம் இல்ல அண்ணி. மெட்ராஸ் பஸ்ஸை நாளைக்கு வான்னு சொல்ல முடியுமா? இல்லன்னா வேன் வெச்சு ஏரிக்கரை வழியா சுத்திப் போயிடலாம்."

"அப்போ எங்க திருப்புவ? ஏரிக்குள்ளயா?"

என் மகன் பிரகாஷ் தலை குனிந்தபடி சொன்னான்: "அம்மா, பொணம் குறுக்க வந்தா தீட்டுன்னு சொல்லுவாங்க. அப்புறம் நம்ம கடைப்பக்கம் எவன் நிப்பான்? தீபத்தை விட்டா வருஷத்துலயே ஜாஸ்தி கூட்டம் இன்னைக்குத்தான்."

"கடையை அடைச்சியாடா?"

"பாதி ஷட்டர் இறக்கி வெச்சிருக்கேன்."

"அப்பன் பாதிதான் செத்தானா? போய் முழுசா இறக்கிட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

எங்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பாடை தெருமுனைக்கு வந்தபோது முன்னால் சாலை முழுக்க மனிதத் தலைகள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நெருப்புச் சட்டியோடு பிரகாஷ் என்னையே பார்த்தான். தூக்குகிறவர்களில் ஒருவர் திரும்பிவிடலாமா என்று சகாதேவனிடம் கேட்டார். என் காதில் விழுந்தது.

நான் முனையைத் தாண்டி நடந்தேன். சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் முகம் சுளித்தார். "இன்னாம்மா, இன்னைக்குப் போயி?"

"இன்னைக்குத்தாங்க செத்தாரு."

அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். "மேளத்தை அடிங்கடா" என்று திரும்பிக் கத்தினேன். அடித்தார்கள்.

புங்கமரத்தடியில் பாடையைச் சுற்ற ஆரம்பித்தார்கள். மலை தெரிய, வலமாக, ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் கைகூப்பி, "ஐயோ, பொணமும் கிரிவலம் வருது பாருங்க, புண்ணியவான்!" என்றாள். பக்கத்தில் இருந்தவர் "அண்ணாமலையாருக்கு" என்று குரல் எடுக்க, சாலை முழுக்க "அரோகரா" என்றது. முகம் சுளித்தவரும் சொன்னார். கையிலிருந்த பூவைப் பாடை மேல் போட்டார்கள். மூன்றாவது சுற்றும் முடிந்து பாடையைத் தலைமாற்றித் திருப்பியதும், தானாக வழி விட்டார்கள்.

அவர் வீட்டுக்கு வராமல் இருக்கத்தான் சுற்றுகிறோம் என்று அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

இப்போது சில வருடங்கள் ஆகிவிட்டன. பௌர்ணமியன்று யார் இறந்தாலும் அன்றே எடுக்கிறார்கள். கயிறு பிடித்துக் கூட்டத்தை நிறுத்துவது சகாதேவன்தான். "அண்ணாமலையாரைச் சுத்திட்டுப் போனா பொறப்பு இல்லைங்க, எங்க ஊர்ல காலங்காலமா இப்படித்தான்" என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்கிறான். போன மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம், இறந்துபோன தங்கள் அப்பாவை அந்த மரத்தடியில் சுற்ற முடியுமா என்று விசாரித்துக்கொண்டு வந்தது.

வழி மறக்கச் சுற்றினோம் என்பது அடுத்து வருகிறவர்களுக்குத் தெரியாமலே போகும். போகட்டும். அர்த்தம் எதுவாக மாறினாலும் மரத்தடியில் நிறுத்துவதை யாரும் இனி நிறுத்த முடியாது.

என்னையும் அங்கேதான் திருப்ப வேண்டும், எந்த நாளானாலும். பிரகாஷிடம் சொல்லிவிட்டேன். கடையை முழுசாக அடைத்துவிட்டு வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.