காளைகளிடம் யாரும் சொல்லவில்லை

செங்கல்லை இறக்கிவிட்டுக் கன்னையா காலி வண்டியைக் கிளப்பியபோது மணி மூன்று. பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி கிள்ளான் சாலையில் கொஞ்ச தூரம் போவதற்குள் சித்திரை மாதத்து வானம் அப்படியே தலைமேல் இறங்கிவிட்டது. பெருவெள்ளம் வந்துபோய் நாலு மாதந்தான் ஆகிறது. அதற்குள் மழைக்கு இந்த ஊர்மேல் மறுபடி ஆசை. காளைகளின் கொம்புகூடத் தெரியவில்லை.

காலையில் மனைவி பவுனம்மாளுக்கு லேசாக வலி கண்டிருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்று, வீட்டுக்குப் பின்னாலேயே புதைத்தாயிற்று. இந்த முறை ஆஸ்பத்திரி என்று முடிவு. ஒரே ஒரு நடை செங்கல் இறக்கிவிட்டு வந்து, வண்டியில் ஏற்றிப்போவதாகச் சொல்லியிருந்தான்.

"சீக்கிரம் வந்துருங்க. வேற எங்கயும் நின்னுராதீங்க," என்றாள் பவுனம்மாள்.

வேறு எங்கே என்று இருவருக்கும் தெரியும். பத்து நாளாக அவன் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண் தெரியாத மழையில் கயிற்றைத் தளர விட்டுவிடுவார்கள். மனிதனுக்குத்தான் வழி தப்பும். மாட்டுக்கு வீடு தெரியும். கன்னையாவும் விட்டான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். அவசரம் கருதி, தெரியாத இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டான்.

வண்டி வெகுநேரம் போனது, திரும்பியது, நின்றது. குதித்து இறங்கி, "பவுனு" என்றான்.

"வாங்க மாப்ளே. பத்து நாளா ஆளையே காணோம்?" என்றார் கள்ளுக்கடை சபாபதி.

கள்ளை விட்டது கன்னையாதான். காளைகளிடம் யாரும் சொல்லவில்லை. இந்தப் பத்து நாளும் கடைக்குத் திரும்பும் முக்கில் கயிற்றை இழுத்துப் பிடித்தே தாண்டியிருந்தான். வேலை முடிந்தால் இங்கே நிற்க வேண்டும், ஆள் உள்ளே போய்த் திரும்பிய பிறகே நகர வேண்டும் என்று ஆறு வருஷமாக அவனே பழக்கியது.

இழுத்தான், தள்ளினான், கெஞ்சினான். முதல்முறையாக அடித்தான். காளைகள் அதையும் மழையோடு சேர்த்து வாங்கிக்கொண்டன. வண்டியை விட்டுவிட்டு ஓடலாம். ஓடிப்போய், அவளை எதில் ஏற்றுவது?

விஷயம் கேட்டதும் சபாபதி கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

"உள்ள போய்க் கொஞ்சம் உக்காந்துட்டு வா. அதுங்க கேக்குறது அதத்தான்."

வழக்கமான பலகையில் போய் உட்கார்ந்தான். யாரோ கைப்பழக்கத்தில் மங்குக் கிண்ணத்தில் கள்ளை அவன்முன் வைத்தார்கள். தொடவில்லை. எழுந்து வந்தான், காளைகள் அசையவில்லை. மறுபடி போய் உட்கார்ந்தான். எப்போதும் எவ்வளவு நேரம் உட்காருவான் என்று அவனுக்குத் தெரியாது. காளைகளுக்குத் தெரியும்.

மூன்றாவது முறை வெளியே வந்தபோது அவை தாமாகவே நடக்கத் தொடங்கின. கொம்பைப் பிடித்துக்கொண்டு வீடுவரை கூடவே ஓடினான்.

வாசலில் பக்கத்து வீட்டு வள்ளியம்மா, தகரக் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரில் முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான்.

அவள் நிமிர்ந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. கன்னையா அவளைத் தாண்டி, பாதி திறந்திருந்த கதவின் பக்கம் காதைக் கொடுத்து நின்றான். உள்ளே பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்கிறதா, இல்லையா? மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.