ஜீவன் வராமல் போனதற்குக் காரணம்

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கமலநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மீசையை மழிக்க வேண்டியவர் இன்னும் வந்து சேரவில்லை. கடையில் வேறொரு தலை பாதியில் நிற்கிறதாம், முடித்துவிட்டு வருகிறாராம். எழவு வீட்டில் எல்லாருக்கும் அவசரம், சவரம் செய்பவருக்கு மட்டும் நிதானம்.

“சார், தம்பிக்கு அண்ணன் கொள்ளி வைக்கிறது வழக்கத்துல இல்ல,” என்றார் காரியம் செய்ய வந்திருந்த பக்கிரிசாமி. இதையே அவர் காலையிலிருந்து வேறு வேறு குரலில் சொல்லிப் பார்த்துவிட்டார். “அக்கா மகன் இருக்காருலா. அவரு செய்யட்டும்.”

அந்த அக்கா மகன் குகன் வேட்டி கட்டிக்கொண்டு கூடாரத்தின் ஓரமாகத் தயாராகத்தான் நின்றான்.

“நானே செய்யறேன்,” என்றார் கமலநாதன். “நல்ல வேலைய விட்டுட்டானேன்னு வாய்க்கு வந்தபடி ஏசுனேன். அதுக்கப்புறம் அவன் எங்க வீட்டுப் படி மிதிக்கல. கடைசியா நான் அவன்கிட்ட பேசுன பேச்சே அதான். மீச போனா என்ன இப்போ.”

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற லோகேஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து மீசை இல்லாத கணவனை அவள் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், துண்டை உதறிவிட்டு எழுந்துவிடுவார். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

பெட்டி கூடத்தில் இருந்தது. உள்ளே ஜீவன், கமலநாதனின் கடைசித் தம்பி. நாற்பதைத் தொடவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு கிடங்கில் இருந்த வேலையை விட்டுவிட்டு கிராப் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கிள்ளானில் ஒரு வாடகை அறை. நேற்றுக் காலை பக்கத்து அறைக்காரர் தட்டித் தட்டிப் பார்த்துக் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். அக்கா அமுதவள்ளியின் வீடும் கிள்ளானிலேயே இருந்ததால் இங்கே கொண்டுவந்து கிடத்தியாயிற்று.

அண்ணன் ஏசியதற்காகக் கோபித்துக்கொள்கிற ஆளா ஜீவன்? ஏசினால் சிரிப்பான். இன்னும் கொஞ்சம் ஏசினால், “அண்ணே, தண்ணி குடிச்சிட்டு ஏசுங்க,” என்பான். அவன் எதனால் வரவில்லை என்று லோகேஸ்வரிக்குத் தெரியும்.

அவர்கள் மகள் மலர்விழிக்கு இந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வு, எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத் தாளில் ஒரு நாடகம் பாடம். அந்தப் புத்தகத்தை எடுத்தாலே பெண்ணுக்குக் கொட்டாவி வரும். மாத்திரை விழுங்குவதுபோல நாளுக்கு ஒரு பக்கம் படிப்பாள், மறுநாள் மறந்துபோவாள். ஜீவன்தான் தேடிப் பிடித்தான்: அதே நாடகத்தை வைத்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, தொலைக்காட்சி நாடகம் ஒன்று, ஏதோ கல்லூரிப் பிள்ளைகள் மேடையில் போட்டு, ஆடுகிற கேமராவில் பிடித்தது ஒன்று. ஓட்டம் குறைவான மத்தியானங்களில் பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணனின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரு காட்சியை மூன்றிலும் பார்ப்பார்கள். மலரின் மடியில் புத்தகமும் பென்சிலும் இருக்கும்.

“படம் எங்கெங்க பொய் சொல்லுதுன்னு கண்டுபிடி. புத்தகம்தான் போலீஸ்,” என்பான் ஜீவன். சித்தப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே நாடகத்தைப் பாதிக்குமேல் முடித்துவிட்டார்கள். மாதிரித் தேர்வில் மலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இலக்கியத்தில் ஏ கிடைத்தது.

லோகேஸ்வரிக்கு பங்சாரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. கமலநாதன் தம்பியை ஏசிய அதே வாரம் அங்கே ஒரு வழக்கு வந்திருந்தது. சொந்த மாமனே, பதினாறு வயதுப் பிள்ளையை. அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்தவள் அவள். தலைவலியோடு பாதி நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தால், மலரின் அறைக்கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே சிரிப்பு. திறந்தாள். திரைச்சீலையும் இழுத்து மூடியிருந்தது. இருட்டில் இரண்டு பேரும் தரையில் கட்டிலில் சாய்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு பக்கம். மடியில் இருந்த புத்தகம் அவள் கண்ணில் படவில்லை. கண்ணில் கோப்பு இருந்தால் புத்தகம் எப்படிப் படும்?

அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஜீவன் தேநீர் குடிக்க அடுப்படிக்கு வந்தபோது குரலை இறக்கிச் சொன்னாள்.

“மலர் இன்னும் சின்னப் பிள்ள இல்ல ஜீவன். கதவ சாத்திக்கிட்டு இருட்டுல உக்காராதீங்க. நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். “எந்த நாலு பேரு அண்ணி? வீட்டுல நாம மூணு பேருதானே இருக்கோம்.”

“நாலு பேரு வேணாம். நான் ஒருத்தி போதும்,” என்றாள் லோகேஸ்வரி.

சிரிப்பு அவன் முகத்திலிருந்து எப்படிப் போயிற்று என்பதை அவள் இத்தனை நாளும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். அவன் தேநீரைக் கீழே வைத்தான். “சரி அண்ணி,” என்றான். அவ்வளவுதான். இருட்டாக இருந்தால்தான் கறுப்பு வெள்ளைப் படம் கண்ணுக்குத் தெரியும் என்றோ, ஏர்கான் ஓடும்போது கதவைச் சாத்து என்று கத்துவதே நீங்கள்தானே என்றோ அவன் சொல்லியிருக்கலாம். இரண்டும் அவளுக்கே அன்றிரவு தோன்றின. போன் செய்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நாளைக்குப் பேசலாம், தீபாவளிக்கு வராமலா போய்விடுவான் என்று தள்ளிப்போட்டாள். தீபாவளிக்கும் அவன் வரவில்லை. மலரிடம், சித்தப்பாவுக்கு ஓட்டம் அதிகமாம் என்று சொல்லிவைத்தாள். மலர் “ஓகே” என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

“அண்ணி, உள்ள வாங்க. வாய்க்கரிசிக்கு நீங்கதான் மொதல்ல நிக்கணும்,” என்று அமுதவள்ளி வந்து கையைப் பிடித்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது. “அம்மா போனப்புறம் அவன் வாய்க்கு ருசியா சாப்பிட்டது உங்க கையாலதான். எங்கிட்ட வந்தாகூட அண்ணி மீன் கொழம்பு பேச்சுதான். அவனுக்கு நீங்கதான் அம்மா.”

லோகேஸ்வரிக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனாள்.

துணி துவைக்கும் இடத்தில் சுவரோரமாக மலர் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்த நாடகப் புத்தகம். நாளைக்குத் தேர்வு. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

“முடிச்சிட்டியா?” என்றாள் லோகேஸ்வரி, ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“கடைசி சீன் மட்டும் பாக்கி. தீர்ப்பு சொல்றப்ப அரசி எதுவும் பேசாம நிப்பா. புத்தகத்துல அவ்ளோதான் இருக்கு. பழைய படத்துல அழுதுகிட்டே நீளமா பேசுறா. டிவியில மயங்கி விழுந்துடுறா. புத்தகத்துல ஏன் பேசலன்னு சித்தப்பாவுக்கும் தெரியல. ரெண்டு பேரும் யோசிப்போம்னு சொன்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

மலர் பென்சிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஞாயித்துக்கிழம. போன்ல. அவரு ரூம்ல அவரு பாப்பாரு, நான் என் போன்ல பாப்பேன். ஒன் டூ த்ரீ சொல்லி ஒண்ணா ப்ளே பண்ணுவோம்.”

“வீட்டுலயா? நான் பாக்கவே இல்லியே.”

“வீட்டுல இல்ல. கீழ, கார்ட் அங்கிள் பக்கத்துல பெஞ்ச் இருக்குலா, அங்க. சித்தப்பாதான் சொன்னாரு. ரூமுக்குள்ள வேணாம், நாலு பேரு இருக்கற எடத்துல உக்காந்து பாருன்னு.”

லோகேஸ்வரி குழாயைத் திறந்தாள். தண்ணீர் கையில் கொட்டிக்கொண்டே இருந்தது.

“ஏன்னு நீ கேக்கலியா?”

“கேக்கல,” என்றாள் மலர். பிறகு மெதுவாக, “அடுப்படி நம்ம வீட்டுல ரொம்பப் பக்கத்துலதான்மா இருக்கு,” என்றாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கோபம் இல்லை. அன்றைக்கு அடுப்படியில் பேசியதைக் கேட்டுவிட்டு, இத்தனை நாளும் பெற்றவள் முகத்தைப் பார்த்து இட்லி சாப்பிட்டு, ஓகே சொல்லி, கீழே போய்க் காவலாளி பக்கத்தில் கொசுக்கடியில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். லோகேஸ்வரி கூனிக் குறுகிப் போனாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டதில் அழுகை தெரியாமல் போனது மட்டும் ஒரு சௌகரியம்.

முன்பக்கம் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சவரம் செய்பவர் வந்துவிட்டார். மலர் எழுந்து வேகமாக முன்னே போனாள். லோகேஸ்வரி பின்னால் போவதற்குள் அவள் அப்பாவின் எதிரில் நின்றிருந்தாள்.

“அப்பா, சித்தப்பா உங்களால வராம இல்ல. நான்தான் வர வேணாம்னு சொன்னேன். படம் பாத்தா டைம் வேஸ்டு, நானே படிச்சுக்கிறேன்னு.”

முகத்தில் தண்ணீர் தெளிக்கப்போன சவரம் செய்பவரின் கை நின்றது. கமலநாதன் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் அமுதவள்ளி வந்துவிட்டாள்.

“உனக்காக ஓட்டத்த விட்டுட்டு ஓடி வந்தான்டி அவன். அவன் மூஞ்சிய பாத்து வேணாம்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு உனக்கு?”

கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் மலரைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா நின்ற பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அப்பாவின் பாரத்தை இறக்குவதற்காக அம்மாவின் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு பதினேழு வயதுப் பெண் நிற்கிறாள். பெற்றவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதைவிடக் கேவலம் இனி ஒன்று வர வேண்டியதில்லை என்று லோகேஸ்வரிக்குத் தோன்றியது.

“அவ சொல்லல,” என்றாள். “நான்தான் சொன்னேன்.”

“என்ன சொன்ன?” என்றார் கமலநாதன்.

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இந்தக் கூட்டம் அவளைத் திட்டும், திட்டட்டும். ஆனால் திட்டி முடித்தபின் வீட்டுக்குப் போகிற வழியில், காருக்குள், ஏதோ இல்லாமலா ஒரு தாய் அப்படிச் சொல்லுவாள் என்று எவராவது ஒருவர் சொல்லுவார். பெட்டிக்குள் இருப்பவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது. மலரை வேறு கண்ணால் பார்ப்பார்கள். ஒரு தடவை அடுப்படியில் செய்ததை இப்போது ஊர் நடுவில் செய்ததாகிவிடும்.

“சோறு போட்டு முடியலன்னு சொன்னேன்,” என்றாள் லோகேஸ்வரி. “வாரத்துல பாதி நாளு இங்கயே வந்து சாப்பிட்டா எப்படி, உங்களுக்கு வேற எடம் இல்லியான்னு கேட்டேன். அதான் வரல.”

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அமுதவள்ளி விருட்டென்று உள்ளே போய்விட்டாள். கமலநாதன் மனைவியை வெகுநேரம் பார்த்தார். தம்பியின் தட்டில் கேட்காமலே இரண்டாவது மீன் துண்டை வைக்கிறவளை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். நம்பினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. சவரம் செய்பவர் பக்கம் திரும்பி, “எடுங்க பாஸ்,” என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மீசை போன பிறகு அவர் முகம் ஜீவனின் முகம்போல இருந்தது.

சவ வண்டிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்த பக்கிரிசாமிக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் உள்ளே வந்து குரல் கொடுத்தார். “வாய்க்கரிசி. பொம்பளைங்க வாங்க. தாய் இல்லாத பிள்ள, அண்ணிதான் மொதல்ல.”

பெண்கள் விலகி வழி விட்டார்கள். தேவைக்கு மேலேயே விலகினார்கள். அரிசித் தட்டை வைத்திருந்த அமுதவள்ளி அதைப் பெட்டியின் காலடியில் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். மலர் குனிந்து தட்டை எடுத்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.

லோகேஸ்வரி கையை விட்டு அள்ளினாள்.

“கொஞ்சமா போதும்மா,” என்றார் பக்கிரிசாமி. “நெறைய பேரு போடணும்.”

அவள் அள்ளியதைத் தட்டில் திருப்பிப் போடவில்லை.